ஆஸிஃபாவின் வலது கை

மரக்காணம்
18.9.2005

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் தந்த சுகத்தோடு நானும் பிள்ளையும் இருக்கிறோம். உங்கள் தங்கை ஆஸிஃபாவும், கையைத் தவிர மற்றபடி நலம். தம்மாமில் வெயில் தணிந்ததா? இங்கே மழை பிடித்துக்கொண்டது. உப்பளத்துக்காரர்கள் உப்புக் குவியலுக்கு ஓலை மூட ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் போகும்முன் மாற்றிய ஓடு ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. யூசுப் மாமா கொண்டுவரும் காகிதத்தில் ஆஸிஃபாவைக் கையெழுத்துப் போடச் சொல், கேஸ் வேண்டாம், கல்யாணம் நடக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். அவள் போடவில்லை. நான் போடவிடவில்லை. புதன்கிழமை விழுப்புரம் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போய்வந்துவிட்டோம். கோபம் வந்தாலும் கடைசி வரை படியுங்கள். மாமா கடையிலிருந்து போனில் பேசியபோது பக்கத்தில் ஆட்கள் நின்றதால் உங்களிடம் எதையும் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்று நடத்திய மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாமுக்கு நாங்கள் காசு கட்டித்தான் போனோம். முதல் ஊசியை ஒரு நர்ஸம்மா வந்து போட்டது, ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாவது ஊசிக்கு அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் நர்ஸை அனுப்பவில்லை. கம்பவுண்டர் ராஜாங்கம் மட்டும் வந்தார். நம் பெண்களுக்கோ மணிக்கட்டு வரை இறுக்கமான சட்டைக் கை. அந்நிய ஆம்பளை முன்னால் சட்டையைக் கழற்ற முடியுமா? கழுத்துப் பக்கம் ஊக்கைத் தளர்த்தி, தோள் நுனியை மட்டும் வெளியே விட்டு, மீதியெல்லாம் துப்பட்டியால் மூடிக்கொண்டு வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் நின்றபடியே மேலிருந்து குத்திக்கொண்டு போனார். என்னைப் போன்றவர்களுக்குச் சில நாள் வலித்து விட்டுவிட்டது. ஆஸிஃபா மட்டும் "அண்ணி, எலும்புலயே எறங்கின மாதிரி இருக்குது" என்று அங்கேயே அழுதாள். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டதற்கு, "ஊசின்னா வலிக்கத்தாம்மா செய்யும், தைலம் தேய்ச்சி வுடு" என்றார்கள்.

தேய்த்தோம். கை இறுகிக்கொண்டே போனது. பாண்டிச்சேரி எலும்பு டாக்டர்தான் விளக்கமாகச் சொன்னார். ஊசி போட வேண்டிய சதை இன்னும் கீழே இருக்கிறதாம். இது தோள் மூட்டுக்குள்ளேயே இறங்கி, மருந்து அங்கே புண்ணாக்கி, மூட்டைப் பிடித்துவிட்டது என்று எழுதியும் கொடுத்தார். பயிற்சி செய்தால் சரியாகும், நாளாகும் என்றார்.

அவளால் இன்னும் தலை பின்னிக்கொள்ள முடியாது, நான்தான் பின்னிவிடுகிறேன். துணி காயப்போடும் கொடியை அவள் கைக்கு எட்டுகிற மாதிரி இறக்கிக் கட்டியிருக்கிறேன். போர்வை காயப்போட்டால் மண்ணில் புரள்கிறது, புரளட்டும். டாக்டர் சொன்னபடி தினம் சுவரில் விரல்களை நகர்த்தி ஏற்றுகிறாள். எட்டுகிற இடத்தில் கரியால் கோடு போடுகிறேன். கோடு மெல்ல மேலே போகிறது.

இனி அந்தக் காகிதம். சிகிச்சைச் செலவைத் தருகிறோம், இதில் கையெழுத்து வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் மாமாவிடம் கொடுத்திருக்கிறார்கள். முழுதும் படித்தேன். பெண்ணுக்குப் பிறவியிலேயே தோளில் கோளாறு, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இருந்தது. மாமா படிக்காமலே கொண்டுவந்திருக்கிறார்.

"ஏம்மா, கோர்ட்டு படியேறுன பொண்ண எவன் கட்டிக்குவான்?" என்று அவர் கேட்டார். நான் பதில் சொன்னேன்: "கோர்ட்டுக்குப் போனா ஊசியில போன கைன்னு ஊரு பேசும் மாமா. இதுல கையெழுத்து போட்டா பொறவி ஊனம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆவும். நாளைக்கு இத மாப்ள வூட்டுக்காரங்க பாத்தா மூஞ்ச எங்க வச்சிக்குவீங்க?" மாமா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஆனால் புதன்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். "பொம்பளைங்கள தனியா அனுப்பிட்டு நான் கடையில ஒக்காந்திருக்கவா?" என்று முணுமுணுத்துக்கொண்டே டிக்கெட்டும் எடுத்தார்.

நீதிமன்றத்தில் ஆஸ்பத்திரி வக்கீல் பிறவிக் கோளாறு கதையைத்தான் சொன்னார். ஊசியைச் சரியான இடத்தில்தான் போட்டார்கள் என்றும் அடித்துச் சொன்னார். நம் வக்கீல் மரியதாஸ் ஆஸிஃபாவை எழுப்பி இடத்தைக் காட்டச் சொன்னார். அவள் துப்பட்டியை விலக்காமல், துணிக்கு மேலேயே தோள் எலும்பின் உச்சியில் விரலை வைத்தாள். உடனே அந்த ராஜாங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் இன்னா பண்ணுவேங்க? அந்தம்மாங்க எல்லாத்தியும் மூடிக்கினு தோள் நுனிய மட்டுந்தான் வெளிய வுட்டாங்க. காட்டுன எடத்துல குத்துனேன்!" என்று எழுந்து சொன்னார். அவர்கள் வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறார், மனுஷன் நிறுத்தவில்லை.

விசாரித்த மூன்று பேரில் ஒரு அம்மாவும் இருந்தார். அது ஊசி போடும் இடம் இல்லை என்று தெரியாதா, கீழே காட்டச் சொன்னீர்களா என்று கேட்டார். "ஆம்பள நான் எப்டிங்க கேக்கறது?" என்றார் ராஜாங்கம். அப்படியென்றால் நர்ஸ் வந்து போடட்டும் என்று ஊசியைக் கீழே வைத்திருக்கலாமே என்றார் அந்த அம்மா. ராஜாங்கம் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அந்த மனுஷன் மேல் கோபம் இல்லை மச்சான். நாம் மானத்துக்கு மறைத்தோம், அது நம் கடமை. எங்கே குத்துவது என்று தெரிந்துகொள்வது அவர்கள் கடமை. பெண்கள் கூடும் இடத்துக்கு நர்ஸை அனுப்பாத ஆஸ்பத்திரிதான் பதில் சொல்ல வேண்டும். மரியதாஸும் அதையே சொன்னார். தீர்ப்பைப் பெருநாள் கழித்துச் சொல்வார்களாம். இன்ஷா அல்லாஹ் நம் பக்கம்தான் வரும். ஆஸ்பத்திரிக்காரர்கள் வாசலிலேயே மாமாவைப் பிடித்து மறுபடி சமாதானம் பேச வந்தார்கள். "பொறவிக் கோளாறுன்னு எழுதுனீங்களே, அத மொதல்ல கிழிச்சிட்டு வாங்க" என்று மாமா போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

கோட்டக்குப்பத்துச் சம்பந்தக்காரர்கள் விஷயம் தெரிந்து, யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு ஆஸிஃபா, "யோசிக்கட்டும் அண்ணி, நானும் அந்தப் பையனப் பத்தி இன்னும் யோசிக்கல இல்ல?" என்று சிரிக்கிறாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தை அவளும் படித்தாள். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், கேஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், ஓடு ஒழுகுகிறதா என்றுகூடக் கேட்டிருந்தீர்கள். கை எப்படி இருக்கிறது என்று அதில் ஒரு வரி இல்லை. தேடித் தேடிப் படித்தாள். பிறகு இடது கையாலேயே மடித்து என்னிடம் கொடுத்தாள். அவசரத்தில் எழுதியிருப்பார் என்று நான்தான் சொன்னேன்.

ரமலான் நெருங்குகிறது. தொழுகையில் தக்பீர் கட்டக் கைகளை உயர்த்தும்போது அவளுக்கு இடது கை தோளுக்கு வருகிறது, வலது கை பாதியில் நின்றுவிடுகிறது. அல்லாஹ் அந்தப் பாதியையும் முழுதாக எடுத்துக்கொள்வான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் அங்கே இரண்டு கையையும் ஏந்தும்போது அவள் பேரைச் சொல்லிக் கேளுங்கள். நோன்பு திறந்ததும் வெறும் தண்ணீரோடு நிற்காமல் ஏதாவது சாப்பிடுங்கள்.

அடுத்த கடிதம் எனக்கு வேண்டாம் மச்சான். உறையின் மேல் ஆஸிஃபா பேரை எழுதுங்கள்.

உங்கள் நலத்துக்கு ஐவேளையும் துஆ கேட்கும்,
சைத்தூன் பீவி