ஹோல்டான்... ரைட்!

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாம் வாத்தியார் என்று கூப்பிடும் உங்கள் மகன் நலமா? போன வீடியோ கூட்டத்தில் என் புதுப் புடவையைப் பார்த்ததும் பிடிக்காதவன் போலக் கண்ணை மூடிக்கொண்டானே, அதை நான் மறக்கவில்லை என்று சொல்லுங்கள்.

இதை நம் பெற்றோர் குழுவில் போட்டால் ஆளுக்கொரு யோசனை வரும். மூளை முடக்குவாதப் பிள்ளைகளைப் பெற்ற நாம் எல்லோருமே அரை டாக்டர்கள் அல்லவா? அதனால்தான் கடிதம்.

நான் முன்பு வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி கூப்பிட்டார். லென்ஸ் தேய்க்க ஆள் வேண்டுமாம். காலையில் மட்டும் வந்தால் போதும். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். என் மகள் பட்டு பிறந்ததிலிருந்து தொடாத மெஷின்; கை பரபரக்கிறது. ஆனால் அவளுக்கு யார் ஊட்டுவது? இவருக்கு மதியம்தான் டியூட்டி, "நான் ஊட்டறேன்" என்கிறார். கண்டக்டர் கை, டிக்கெட் கிழிக்கிற அவசரக் கை. புரையேறினால்?

போதாக்குறைக்கு, கொஞ்ச நாளாகச் சாப்பிடும்போது "ஐ... ஐ..." என்று ஒரு சத்தம். தொண்டையில் ஏதோ சிக்குகிறது என்று உடனே நிறுத்திவிடுகிறேன். தட்டை எடுத்தால் அழுகிறாள். பாதி வயிறுதான். டாக்டரோ தொண்டையில் ஒன்றுமில்லை என்கிறார். இவளை இப்படி விட்டுவிட்டு எப்படிப் போவேன்? முதலாளியிடம் முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன்.

உங்கள் தங்கை,
பட்டு அம்மா

மார்ச் 12

என் அருமைத் தங்கைக்கு,

முதலாளியிடம் சொல்லிவிட்டாயா? இன்னும் இல்லையென்றால் பொறு. முதலில் இதைப் படி.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் நடுவே மழை வந்ததென்று மாடிக்குத் துணி எடுக்க ஓடினாய். போனை அலமாரியில் சாய்த்து வைத்தாய், மைக்கை மூட மறந்தாய். எங்களுக்குத் தெரிந்தது உன் வீட்டு ஃபேன் மட்டும்தான். ஆனால் காதில் எல்லாம் விழுந்தது.

"அம்மா மேல போயிட்டா. வண்டியை எடுத்துருவோமா மேடம்? நேரா உக்காருங்க. அப்பா தாடையைப் பிடிச்சுக்கறேன்... ஒரு வாய். ஹோல்டான்! இறங்கட்டும், இறங்கட்டும். நீங்க சொன்னாத்தான் வண்டி நகரும்."

ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உன் மகள், "ஐட்!"

"போலாம் ரைட்!"

யாரோ உன் வீட்டுக்காரரைக் கூப்பிட வாயெடுத்தார்கள். கூட்டத்தில் இருந்த ஊட்டல் பயிற்சி மேடம் உதட்டில் விரலை வைத்து அடக்கிவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார், "நான் சொல்லிக் கொடுத்ததே இதுதாங்க. விழுங்கினதைப் பாத்துட்டு அடுத்த வாய். அவர் என்னைவிடப் பொறுமைசாலி."

"கடைசி ஸ்டாப், எல்லாரும் இறங்குங்க" என்று உன் வீட்டுக்காரர் தட்டை வைத்த சத்தம் கேட்டதும் வாத்தியார் குலுங்கிச் சிரித்தான். கண்ணை மூடவே இல்லை.

புரிகிறதா, அசடே? அவள் ரைட் கொடுத்திருக்கிறாள். நீ தட்டைப் பிடுங்கியிருக்கிறாய்.

அன்புடன்,
வாத்தியார் அம்மா

மார்ச் 16

அக்கா,

கடிதத்தைப் படித்ததும் இவரை முறைத்தேன். "எத்தனை நாளா நடக்குது இது?"

"சொன்னா லைசென்சைப் புடுங்கிருவியே!"

அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. மதியம் நானே ஊட்டினேன். விழுங்கினாள். "ஐட்" என்றாள். அடுத்த வாய் கொடுத்தேன். என்னை அப்படிப் பார்த்தாள், 'இப்பவாவது புரிஞ்சுதே' என்பதுபோல. தட்டு காலி.

எல்லோர் முன்னாலும் மானம் போய்விட்டதாம் இவருக்கு. அந்தக் கூட்டத்தின் பதிவு கிடைக்குமா என்றும் கேட்கிறார்.

பட்டு அம்மா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கடையில் டீ குடிக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன். முதல் லென்ஸின் ஓரத்தில் சில்லு பெயர்த்துவிட்டேன். "கை வந்துரும், பதறாதம்மா" என்றார் முதலாளி. இரண்டாவது ஃபிரேமில் சரியாக உட்கார்ந்தது.

காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். கால் நகரவில்லை. நாற்காலி பெல்ட் சரியா, சின்ன ஸ்பூன் எடுத்து வைத்தாயிற்றா என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மெல்ல நிமிர்த்தி, மூச்சை இழுத்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஐட்!" என்றாள்.

அப்புறம் நிற்க முடியுமா, அக்கா? நகர்ந்துவிட்டேன்.

உங்கள் தங்கை,
பட்டு அம்மா