ஆரஞ்சு விளக்கு அணைந்த விஷயம்

அன்புள்ள மகன் ஹரிபிரசாத்துக்கு அம்மா தாட்சாயணி எழுதுவது. இங்கே நானும் ரெண்டு மாடுகளும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த நியூசிலாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு இருக்கிறேன். போனில்தான் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ நல்லா இருக்கியாம்மா என்கிறாய், நான் நல்லா இருக்கேன் என்கிறேன், அதற்குள் உனக்குப் பண்ணையில் பால் கறக்கிற நேரம் வந்துவிடுகிறது. இது கொஞ்சம் நீளமான விஷயம், முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுச் சந்திரம்மா இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை. நகரியில் கங்கம்மா ஜாத்திரை நடந்தது, நான் போகவில்லை. இந்த வருஷம் போகக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள், சொல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டேன். போர் மோட்டார் ஓடுகிறது. சின்ன மாடு சினையாக இருக்கிறது. சாயந்தரம் ஆனால் டிவியைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் வேலை பார்க்கிறேன், உள்ளே யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று.

இப்போது வண்டி விஷயத்துக்கு வருகிறேன். அந்த பிக்கப்பை விற்றுவிடு அம்மா, உனக்கு எதற்கு அந்தத் தலைவலி என்று நீ மூன்று நான்கு தடவை சொல்லிவிட்டாய். நீ சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. உன் நைனா நம்மை விட்டுப் போன பிறகு அதைச் சிட்டிபாபுவிடம் ஓட்டக் கொடுத்தேன் அல்லவா, அவன் காலையிலும் மாலையிலும் தெருத்தெருவாகப் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு புத்தூர் பால் சென்டருக்குப் போய் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவான். தங்கமான பையன், ரெண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு இந்த ஒரு வேலையை நம்பித்தான் இருக்கிறான். ஒரு நாள் பாதி வழியில் நின்று போன் செய்தான். அக்கா, வண்டி இழுக்க மாட்டேங்குது, ஆக்சிலேட்டர மிதிச்சிக்கினே கீறேன், மாட்டு வண்டி மாதிரி போவுது, முன்னால ஆரஞ்சு கலர்ல ஒரு லைட்டு எரிஞ்சிக்கினு இருக்குது என்றான். அன்றைக்குக் கறந்த பாலெல்லாம் வெயிலில் கெட்டுப்போகாமல் இருக்க வேறு வண்டி பிடித்து அனுப்பினோம்.

திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் இருக்கிற ஷோரூமுக்கு நானும் அவனும் வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரில் உன் நைனா பேரைப் பார்த்துவிட்டுச் சார் வரலையா என்று கேட்டார். வரவில்லை என்றேன். கண்ணாடி அறையில் உட்காரச் சொன்னார்கள், ஏசி, காபி, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே வண்டியை என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாள்தான் ஞாபகத்துக்கு வந்தது. சாயந்தரம் ஏதோ சென்சார் மாற்றிவிட்டோம் என்று சொல்லி பில் கொடுத்தார்கள். லைட் அணைந்திருந்தது. பத்து நாள் கூட ஆகவில்லை, மறுபடி எரிந்தது. மறுபடி போனோம், மறுபடி சார் வரலையா, இந்தத் தடவை டீசல் அடிக்கிற இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவினோம் என்றார்கள். அதுவும் கொஞ்ச நாள்தான். மூன்றாவது தடவை போனபோது புகைக்குழாயில் இருக்கிற ஃபில்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். அதன் விலைக்கு ஒரு மாடே வாங்கிவிடலாம். நீ விற்கச் சொன்னது சரிதான், குப்பம் ஊர்க்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், இப்படியே கொடுத்துவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் ரேகா என்று ஒரு பெண் வந்தாள். இன்ஜினியரிங் படித்தவளாம், புதிதாக அங்கே சேர்ந்திருக்கிறாள், உன் வயசுதான் இருக்கும். தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசினாள். பழைய பில்லையெல்லாம் பார்த்துவிட்டு எனக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அம்மா, ஒகசாரி செப்பண்டி, ஒருதரம் சொல்லுங்க, வண்டி தினமும் எங்க போய் எங்க வருது என்று கேட்டாள். மூன்று தடவை போனதில் இதை யாரும் கேட்கவில்லை. பால் எடுக்கப் போகிறது, புத்தூர் வரைக்கும்தான், வீட்டுக்கு வீடு நின்று நின்று போகும் என்றேன். நிற்கும்போது இன்ஜினை அணைப்பீர்களா என்று சிட்டிபாபுவைக் கேட்டாள். எதுக்கு மேடம் சும்மா சும்மா அணைக்கிறது, ஓடிக்கினே இருக்கும் என்றான். முன்னே எப்படி ஓடியது என்று கேட்டாள். முன்னே உன் நைனா மாங்காயும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு காளாஸ்தி, நாயுடுபேட்டை, சூளூர்பேட்டை என்று வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார் என்றேன். இப்ப சார் எதுக்குப் போறதில்ல என்றாள். ஹரி, அந்த ஷோரூமில் ஒவ்வொரு தடவையும் சொல்லாமல் தப்பித்த வார்த்தையை அவளிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள். புதுசாக வருகிற டீசல் வண்டிகளில் புகையை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கிறதாம். புகையில் வருகிற கரி அதில் தங்கிவிடும். வண்டி நிற்காமல் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓடினால் அந்தச் சூட்டில் கரி தானாகவே எரிந்துவிடும். கிட்ட கிட்டப் போய் நின்று நின்று வந்தால் சூடே ஏறாது, கரி அடைத்துக்கொள்ளும், லைட் எரியும், வண்டி இழுக்காது. இங்கே கம்ப்யூட்டர் வைத்து ஒவ்வொரு தடவையும் எரித்துக் கொடுத்திருக்கிறார்கள், வீட்டுக்குப் போனதும் மறுபடி அதே ஓட்டம்தானே, அதனால் மறுபடி அடைத்துக்கொள்கிறது என்றாள். ஃபில்டர் முழுக்கக் கெட்டிருக்காது என்று எனக்குத் தோணுது, மாத்தறதுக்கு முன்னால ஹைவேல நல்லா ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்க, அப்பவும் லைட் எரிஞ்சா வாங்க, மாத்தலாம் என்றாள். மேனேஜரிடமும் போய் அவளே பேசி ஒப்புக்கொள்ள வைத்தாள்.

புறப்படும்போது கம்ப்யூட்டரில் இருக்கிற போன் நம்பரை மாற்றட்டுமா என்று கேட்டாள். அவர்கள் அனுப்புகிற மெசேஜ் எல்லாம் உன் நைனா போனுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அந்தப் போனைப் பீரோவில் வைத்திருக்கிறேன், சார்ஜ் மட்டும் போட்டுவிடுவேன். அடிக்கடி உள்ளேயிருந்து டிங் என்று ஒரு சத்தம் வரும். மாற்றித்தானே ஆக வேண்டும், என் நம்பரைக் கொடுத்துவிட்டேன். இப்போது அந்தச் சத்தமும் நின்றுபோயிற்று.

அங்கிருந்து அப்படியே ரேணிகுண்டா தாண்டி நாயுடுபேட்டை ரோட்டில் ஏறினோம். இத்தனை வருஷத்தில் அந்த ஷோரூமுக்குத் தவிர அந்த வண்டியில் நான் புத்தூர் தாண்டிப் போனது கிடையாது, போவதற்கு நேரமும் இருந்ததில்லை. சிட்டிபாபு ரேகா சொன்ன மாதிரியே ஒரே சீராக ஓட்டினான். நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அந்த லைட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். காளாஸ்தி கோபுரம் பின்னால் போய் வெகுநேரம் ஆகியும் எரிந்துகொண்டே இருந்தது. ஏதோ கருகுகிற வாசனை லேசாக வந்தது, கரி எரியும்போது அப்படித்தான் வரும், பயப்படாதீர்கள் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். நாயுடுபேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், லைட் இல்லை. சிட்டிபாபு ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி பழைய மாதிரி பாய்ந்தது. திரும்பலாமாக்கா என்று கேட்டான். இன்னும் கொஞ்சம் தூரம் போப்பா என்றேன். சூளூர்பேட்டை வரைக்கும் போனோம். அங்கே ஒரு ஓட்டலில் மீன் குழம்பு வாங்கி ரெண்டு பேரும் தின்றோம். ஏரிப்பக்கத்திலிருந்து உப்புக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ருசி தெரிந்து சாப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதனால் வண்டியை விற்கப்போவதில்லை ஹரி, கோபித்துக்கொள்ளாதே. வாரத்தில் ஒரு நாள் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு சூளூர்பேட்டை போய்வருவதாகச் சிட்டிபாபு ஒரு மண்டிக்காரரிடம் பேசி முடித்துவிட்டான், மற்ற நாளில் பால் ஓட்டம். கேன் ஏற்றும்போது இன்ஜினை அணைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். லோடு போகிற நாளில் நானும் கூடப் போவேன். சரக்கைப் பார்த்துக்கொள்ள என்று அவனிடம் சொன்னேன். உனக்குத் தெரியும், சரக்கைப் பார்த்துக்கொள்ள அவனே போதும்.

அன்றைக்கு வீடு வந்து சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. பூட்டைத் திறந்து உள்ளே கால் வைத்ததும், லைட் அணைஞ்சிடுச்சி என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வீட்டில் யாரும் இல்லை என்பது உறைத்தது. பிறகு மாடுகளுக்குத் தண்ணீர் வைத்தேன், உனக்கு எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன், இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

கையுறை போட்டுக்கொண்டு மாடு கற, அங்கே மாடெல்லாம் பெரிது, உதைத்தால் தாங்காது. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி. ஏழுமலையானும் கங்கம்மாவும் உனக்குத் துணையிருக்கட்டும், நீ நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நீண்ட நாள் இருக்க வேண்டும். இதைப் படித்ததும் நேரம் பார்க்காமல் போன் செய், லைட் அணைந்துவிட்டதா என்று ஒரு வார்த்தை கேள்.

இப்படிக்கு
உன் அம்மா
தாட்சாயணி