செம்பாறையில் வழி தவறிய பகல்

நாளைக் காலை எனக்கு இதய ஆப்பரேஷன். பை அடுக்க அலுமாரியைத் திறந்தபோது உம்முடைய சப்பாத்துகள் அகப்பட்டன. கவிழ்த்தேன். சிவப்பு மணல் கொட்டியது. பிரான்சில், லா சப்பலில், நம் வீட்டு நிலத்தில், நெவாடாப் பாலைவனத்து மணல்.

அமெரிக்காவில் உம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, பாலைவனத்திலுள்ள செம்பாறையைப் பார்க்க ஆசைப்பட்டவர் நீர்தான். முழங்கால் வலியால் தம்பி காரிலேயே இருந்துவிட்டார். அரை மணி நடைதானே என்று கணவனும் மனைவியுமாக நாம் இருவரும் போனோம். இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வரிவரியாக ஓடிய கல்லை நீர் கையால் தடவினீர். சீலைக் கடையில் வேலை செய்தவர் அல்லவா? "பட்டை விரிச்சு விட்ட மாதிரி இருக்கு," என்றீர்.

திரும்பும்போது வழி தவறிவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரிக் கல். போனில் சிக்னல் இல்லை. போத்தலில் இரண்டு மிடறு தண்ணீர். நான் ஓடத் தொடங்கினேன். பிரான்சுக்கு வரும் வழியில், இருபது வயதில், ஒரு காட்டில் கூட வந்தவர்களைத் தவறவிட்டு நாள் முழுதும் அலைந்தவன் நான். அதே பயம் நெஞ்சைப் பிடித்தது.

"இஞ்சாருங்கோ, ஓடாதேங்கோ. நிழல்ல இருங்கோ. நான் மேல ஏறிப் பாக்கிறன்."

"போகாதையும்!"

நீர் கேட்கவில்லை. தண்ணீரை என் கையில் தந்துவிட்டு ஏறினீர். பாறைக்குப் பின்னால் மறைந்தீர். கூப்பிட்டேன்; பதில் இல்லை. விழுந்துவிட்டீர் என்றே நினைத்தேன். எவ்வளவு நேரமோ, பிறகு மேலிருந்து சத்தம் வந்தது: "கார் தெரியுது! தம்பி வெளியில நிக்கிறான்!"

அதன்பின் உம்மைப் பயமே தெரியாதவர் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். ஆஸ்பத்திரியில், உம்முடைய கடைசி வாரத்தில், நீர் கேட்டீர்: "பயமா இருக்கோ?"

"இல்லை," என்று பொய் சொன்னேன்.

"எனக்கு இருக்கு. அண்டைக்கு அந்தப் பாறையிலயும் இருந்தது. நீங்கள் கூப்பிட்டது கேட்டது. வாயைத் திறந்தா அழுதிடுவன் எண்டுதான் பேசாமல் ஏறினனான்."

எனக்கும் பயம் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். போர்வையை மட்டும் சரிசெய்தேன். அதைத்தான் இன்னும் சுமக்கிறேன்.

சற்று முன் மகள் போன் எடுத்தாள். "அப்பா, சா வா?" சுகமா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. பயமா இருக்கு."

எதற்கும் பிரெஞ்சிலேயே பதில் சொல்கிறவள் தமிழில் சொன்னாள்: "எனக்கும்தான் அப்பா. வாறன்."

பக்கத்து மெட்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட்டிலிருந்து நடந்து வந்துகொண்டிருக்கிறாள். நான் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.