ஏழாம் அறைக்குப் போன காபி

மகளே,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. அருவிக்கரையில் தேய்க்கிற எண்ணெயின் வாசனை நம் லாட்ஜ் மாடிவரை வருகிறது. இந்த வாசனை வந்தால் முகம் சுளித்து ஏழாம் அறையின் ஜன்னலைச் சாத்துவாய். பிறகு மறுபடி கம்ப்யூட்டருக்குள் போய்விடுவாய்.

உன் கம்பெனி பெங்களூரில், வேலை அந்த அறையில். "என்ன வேலைன்னு எல்லாரும் கேக்காவ, என்னத்தச் சொல்லட்டும்?" என்றேன் ஒருநாள்.

"கர்னல் எழுதுதேன்ம்மா, கம்ப்யூட்டருக்கு அடிப்படையா ஓடுத புரோகிராம். கம்ப்யூட்டர் ஓடும்போதே மெமரியில ஒரு பகுதியக் கழத்துத வேலை."

ஓடுகிறதை ஏன் கழற்ற வேண்டும் என்றேன்.

"பின்கட்டை இடிச்சப்ப நீங்க லாட்ஜ மூடினீங்களா?"

மூடவில்லை. தங்கியிருந்தவர்களை முன்கட்டுக்கு மாற்றிவிட்டு இடித்தோம்.

"அதேதான். முதல்ல ஆளுகள மாத்தணும். பொறவு எந்த ரூம்ல யாருன்னு ரிசப்ஷன் பலகையில எழுதியிருக்கீங்கல்லா, அத அழிக்கணும். அந்தப் பலகைதான் பேஜ் டேபிள்."

"அழிச்சா முடிஞ்சுதுல்லா?"

"எங்க முடியுது? வெந்நீர் கொண்டு போறவங்க பலகையப் பாத்தா போறாங்க? மனப்பாடமாப் போறாங்க. பிராசஸரும் அப்படித்தான், பாத்த முகவரிய ஞாபகம் வச்சுக்கிடும். எல்லாத்தையும் மறக்கச் சொல்லணும். மறந்தாச்சுன்னு ஒவ்வொரு பிராசஸரும் சொல்லுத வரைக்கும் நிக்கணும். பலகையில வேற ரூம் பேரும் ஒண்ணும் மிச்சமில்லைன்னா, அப்பதான் பலகையக் கழத்தலாம்."

அப்போது உன் வேலையில் அந்த வரிசை ஓரிடத்தில் பிசகியிருந்தது. மறக்கச் சொல்லும் முன்பே பலகையைக் கழற்றியாயிற்று. அந்த இடத்தில் வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது. ஒரு பிராசஸர் பழைய நினைப்பில் அங்கே போய் மொத்த இயந்திரமும் நின்றது. சோறு ஆறக் கிடக்க நீ தேடினாய். உனக்கு ரத்தப் புற்றுநோய் என்று அப்போது நமக்குத் தெரியாது. இளைத்துப் போவதற்கும் உன்னைத்தான் திட்டினேன். "வரிசை முக்கியம்மா" என்று மட்டும் சொன்னாய்.

நீ போனபின் உன் அறையைப் பூட்டி வைத்தேன். போன வாரம் மேனேஜர் தயங்கி வந்து நின்றார். "ஆச்சி, கூட்டம் வாசல்ல நிக்குது. ஏழாம் நம்பர இன்னும் எத்தன நாளைக்குப் பூட்டி வச்சிருப்பிய? குடுத்திரட்டுமா?"

அவர் குரலில் இரக்கம் இருந்தது. எனக்கு அது ஆகாது. முறையாகச் செய்து கொடுப்போம் என்றேன்.

உன் துணிகளையும் கம்ப்யூட்டரையும் நானே கீழே என் அறைக்கு மாற்றினேன். பலகையில் ஏழுக்கு நேரே இருந்த உன் பெயரை ஈரத்துணியால் துடைத்தேன். வெந்நீர் கொண்டு போகிறவர், சலவைக்காரர், கூட்டுகிறவள் எல்லோரையும் அழைத்து, "ஏழுல இனி அவ இல்ல" என்றேன். ஒவ்வொருவரும் தலையாட்டும் வரை நின்றேன். பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

இன்று காலை நீ குடிக்கிறபடி சர்க்கரை போடாமல் காபி கலந்து மாடியேறினேன். தட்டாமல் ஓர் அறைக்குள் போவது அநாகரிகம் என்று கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். உன் கதவை மட்டும் தட்டியதே இல்லை. தாழிடாமல் இருந்த கதவைத் தள்ளினேன். ஈரத்தலையோடு நின்ற ஒரு பெண் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"யாரு வேணும்?"

"ஏழாம் ரூம்" என்றேன்.

"இதுதான் ஏழு."

மறக்கச் சொல்ல வேண்டியவர்களில் ஒருத்தியை விட்டுவிட்டேன். படியிறங்கி வந்து வெகுநேரமாகிறது. டம்ளரை இன்னும் கீழே வைக்கவில்லை.