செருப்பு டோக்கன் 945

சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் பித்தளை வாசனை போகவில்லை. கோயிலில் செருப்பு விடும் இடத்தில் கொடுத்த வட்ட டோக்கன். தரிசன வரிசையில் நின்ற நேரம் முழுக்க அதை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். அதில் இருந்த எண் 945. அடியே, எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ போன பிறகு நான் அந்த விளையாட்டையே விட்டிருந்தேன். எந்த எண்ணைக் கண்டாலும், அதை மீதியில்லாமல் வகுக்கும் சின்ன எண்களையெல்லாம் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது, கல்லூரியில் கணக்குப் படித்தபோது நமக்குத் தொற்றிய பைத்தியம். பஸ் நம்பர், ஆட்டோ நம்பர், செங்கம் ரோட்டில் நீ வேலை பார்த்த விடுதியின் அறைச் சாவி என்று எதையும் விட மாட்டோம். எட்டுக்கு 1, 2, 4. கூட்டினால் ஏழு, தன்னைவிடக் குறைவு. ஆறுக்கு 1, 2, 3. அதே ஆறு வரும். பன்னிரண்டுக்கு 1, 2, 3, 4, 6. கூட்டினால் பதினாறு, தன்னையே தாண்டிவிடும். பாடத்தில் இவற்றுக்குக் குறைவெண், நிறைவெண், மிகையெண் என்று பெயர். உன் வாயில் அதெல்லாம் என்றைக்கு வந்தது? "கம்மி, கரெக்ட், ஜாஸ்தி." அவ்வளவுதான் உன் பாஷை. போனில் தேடக்கூடாது, கால்குலேட்டரைத் தொடக்கூடாது என்று சட்டம் வேறு போட்டிருந்தாய்.

ஜாஸ்தி என்ற சொல்மேல் உனக்கு ஏன் அத்தனை கண் என்று எனக்குத் தெரியும். மூன்றாவதும் பெண் என்றதும் உன் அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, "பொண்ணு ஜாஸ்தியாயிடிச்சி" என்றாராம். இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமிக்குச் சொல்லிவிடுவதைப்போல, 'போதும்' என்று பொருள் வரும் பெயரை உனக்கு வைத்தார். நம் பக்கத்து ஊர்களில் அந்தப் பெயருக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனால் கல்லூரியில் முதல் நாள் அதை வாசித்ததும் வகுப்பே சிரித்தது. நீயும் சேர்ந்து சிரித்தாய். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அப்புறம் ஒரு நாள் கிரிவலப் பாதையில் நடக்கும்போது திடீரென்று நின்றாய். "இங்க பாருடி. ஜாஸ்தி நம்பரு எல்லாமே ரெட்டைப்படை. பன்னெண்டு, பதினெட்டு, இருபது, இருபத்திநாலு. ஒத்தைப்படையில ஒண்ணு காட்டு பாக்கலாம்! மூணு ஒத்தைப்படைதானே? அப்புறம் மூணாவது பொண்ணு எப்படி ஜாஸ்தியாவா? எங்கப்பாவுக்குக் கணக்கே வரல!" வழியில் போனவர்கள் ஒதுங்கிப் போகும் அளவுக்குச் சிரித்தோம். ஆனால் நீ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். பேருந்து நிலையத்தில் ஒரு காரின் நம்பர் 315. கூட்டிக்கொண்டே போனாய். முந்நூறைத் தாண்டியதும் உன் முகம் வெளுத்துவிட்டது. 309-ல் நின்றது. "ஆறு கம்மி! தப்பிச்சேன்டி!" என்று என் தோளில் ஓர் அறை விட்டாய். இது உனக்கு விளையாட்டே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்றைக்கு வரிசை நகரவே இல்லை. ஒற்றைப்படைதானே, என்ன பயம் என்று 945-ஐக் கூட்ட ஆரம்பித்தேன். சின்ன எண்களில் தொடங்கி 189 வரை வந்ததும் அறுநூற்று அறுபது ஆகியிருந்தது. இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. எது தெரியுமா? அதே 315! சேர்த்தால் 975. "ஐயையோ!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். முன்னால் நின்றவர் பதறித் திரும்பி, "கால மிதிச்சிட்டனா?" என்றார். மறுபடி முதலிலிருந்து கூட்டினேன். மறுபடியும் 975. முப்பது ஜாஸ்தி.

சாமியைப் பார்த்தேனா என்றுகூட நினைவில்லை. வெளியே வந்ததும் கை தானாகப் போனை எடுத்து உன் நம்பரை அழுத்திவிட்டது. தலைவலி என்று படுத்தவள் காலையில் எழுந்திருக்கவே இல்லை என்று உன் அக்கா அலறியது, உன்னைத் தூக்கிக்கொண்டு போனது எல்லாம் அந்த நிமிஷம் எனக்கு மறந்தே போச்சு. ரிங் போன பிறகுதான் நினைவு வந்தது. அதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள்.

உன் அப்பா.

"அப்பா, நான்..."

"தெரியும்மா. உன் பேரு வருதே. இதுலதான் அவ போட்டோ எல்லாம் இருக்குது. சார்ஜ் போட்டு வெச்சிக்கினு இருக்கேன்."

அவரிடம் போய் இந்தக் கணக்கை எப்படிச் சொல்வேன்? "சாப்ட்டீங்களாப்பா?" என்று உளறினேன்.

"அவங்கம்மா இன்னும் பழைய அளவுலயே அரிசி போடறா. தெனமும் சோறு மீந்து போவுதும்மா. வீட்ல ஆளு கம்மியாயிடிச்சி இல்ல?"

உன்னை ஜாஸ்தி என்று சொன்ன அதே வாய்டி. அப்புறம் எதையோ சொல்லிப் போனை வைத்தேன். செருப்பு வாங்கப் போனவள் அங்கேயே நின்று ஓவென்று அழுதேன். அங்கே இருந்த அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, டோக்கனத் தொலைச்சிட்டியா?" என்றாள். கையைத் திறந்து காட்டினேன். "தோ, இருக்குதே! அப்புறம் எதுக்கு அழுவுற? உன் செருப்பு எங்கயும் போவல." நீ இருந்திருந்தால் அங்கேயே உருண்டு சிரித்திருப்பாய்.

உன் வாதம் உடைந்து போச்சுடி. ஒற்றைப்படையிலும் ஜாஸ்தி உண்டு. ஆனால் நீ பயந்த மாதிரி அதில் ஒன்றும் இல்லை. அந்த எண்ணுக்குள் இருப்பதையெல்லாம் கூட்டினால் அதைவிடப் பெரிதாக வருகிறது, அதற்குத்தான் அந்தப் பெயர். வேண்டாதது என்று எந்தப் பாடத்திலும் போட்டிருக்கவில்லை. நீயும் உன்னைவிடப் பெரிதாகத்தான் இருந்தாய். இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாமல் போனதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

டோக்கனைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். உன் அப்பாவிடம் எதையோ சொன்னேன் என்றேனே, அது இதுதான்: "அரிசியக் கம்மி பண்ணாதீங்கப்பா. ஞாயித்துக்கிழமை நான் சாப்பிட வர்றேன்."