மூன்றாம் மாடி வாசலில் நான்கு நாற்காலிகள்

அனுப்புநர்
ரா. ஜெயஸ்ரீ,
முதல் தளம், கேம்ப் ரோடு அருகில்,
சேலையூர்.

பெறுநர்
உதவி ஆணையர் அவர்கள்,
மண்டல அலுவலகம், தாம்பரம்.

பொருள்: என் புகாரைத் திரும்பப் பெறுவதும், அதன்பேரில் வந்த நோட்டீஸை ரத்து செய்யக் கோருவதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் திரு. ஜெபகுமார் குடும்பத்தார், மாடிப்படி முடியும் இடத்தில் மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டு, துணி காயப்போடும் மொட்டை மாடிக்குப் போகும் வழியை அடைப்பதாகச் சென்ற மாதம் நான் புகார் கொடுத்தேன். ஏழு நாட்களுக்குள் அகற்றும்படி அவர்களுக்கு நோட்டீஸ் வந்துள்ளது. வெள்ளிக்கிழமை கெடு முடிகிறது. தாங்கள் விதிப்படி செய்தீர்கள். விசாரிக்காமல் எழுதியவள் நான்.

1. ஜெபகுமார் ஏசி மெக்கானிக். மனைவி ஜோவிதா மருத்துவமனையில் உதவியாளர். மகள் சத்யபிரியா கல்லூரியில் படிக்கிறாள். ஜெபகுமாரின் தந்தை தனசிங், மனைவி இறந்தபின் சென்ற ஆண்டு இங்கு வந்தார். நால்வருக்கும் ஒரே அறை, அதற்குள்ளேயே சமையலும்.

2. நோட்டீஸ் வந்த மறுநாள் மாலை, காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. பெரியவரைத் தவிர மற்ற மூவரும் வெளியே பேசாமல் உட்கார்ந்திருந்தனர். ஏதோ சண்டை என்று நினைத்துக் கேட்டேன். ஜோவிதா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சண்டை இல்லக்கா, இது மாமாவோட டைம். எங்க வூட்ல தெனமும் ஆளுக்கு அரை மணி நேரம் ரூம் தனியா. மத்தவங்க வெளிய ஒக்காந்துகினு இருப்போம். உள்ள என்ன பண்ணாங்கன்னு யாரும் கேக்கக் கூடாது."

3. பெரியவர் வந்த புதிதில் தினமும் சண்டையாம். மகள் தோழி வீட்டிலேயே தங்கிவிடுவாளாம். கணவனும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். இந்த ஏற்பாடு ஜோவிதா யோசித்தது. இரண்டே வாரத்தில் மகள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாளாம். பெரியவர் தன் நேரத்தில் மனைவியின் படத்தோடு வாய்விட்டுப் பேசுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் காட்டிக்கொள்வதில்லை. "நீ என்ன செய்வாய்?" என்று ஜோவிதாவைக் கேட்டேன். "கால நீட்டிப் படுத்துருவேன்க்கா. யாரும் கூப்பிட மாட்டாங்க இல்ல?" என்று சிரித்தார். இத்தனை நெருக்கடியில் ஒவ்வொருவருக்கும் தனியிடம் உண்டாக்கிய அந்தப் பெண்ணை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

4. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு படுக்கையறைகள், ஒரு பெரிய ஹால். நானும் கணவரும் ஆளுக்கொரு அறையில் டிவி பார்ப்போம். சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை. அன்று நான் பார்த்ததை அவரிடம் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

5. மறுநாள் அவரே மேலே போய் ஜெபகுமாரோடு சேர்ந்து மேசையைச் சுவரோரம் தள்ளிப் போட்டார். நாற்காலிகளை மடக்கு நாற்காலிகளாக மாற்றியாயிற்று. இப்போது நான்கடி வழி இருக்கிறது.

ஆகவே தாங்கள் நேரில் பார்வையிட்டு, நோட்டீஸை ரத்து செய்ய வேண்டுகிறேன். விதி இடம் தராவிட்டால், வேறு ஏற்பாடு செய்யும்வரை அவகாசமாவது தாருங்கள். அதுவரை எங்கள் ஹாலை அவர்கள் பயன்படுத்த நாங்கள் இருவரும் மனமார ஒப்புகிறோம்.

இடம்: சேலையூர்
நாள்: 18.06.2025

இப்படிக்கு,
ரா. ஜெயஸ்ரீ

படித்தேன், சம்மதம். என் மனைவி எழுதியது அத்தனையும் உண்மை, டிவி விஷயம் உட்பட.
கோ. ராஜகோபால்