நின்றதற்கு ஒரு சீர்

மே 2, வெள்ளி
ரெட்டிபாளையத்துச் சிமெண்ட் லாரிகளின் சக்கரவர்த்தி குழந்தைவேலாகிய நான் (மூன்று லாரி, அதில் ஒன்று எப்போதும் ஒர்க்‌ஷாப்பில்) இன்று சாம்ராஜ்யத்தை விட்டு வாலிகண்டபுரம் எழுந்தருளினேன். தங்கை லீலாவதியைப் பார்க்க. மார்பில் புற்றுநோய், ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைத்தது (கதிர்வீச்சுக்கு எங்கள் ஊர்ப் பெயர்) எல்லாம் முடிந்தாயிற்று. நோய் திரும்பாமலிருக்க இனி தினம் ஒரு மாத்திரை, வருஷக்கணக்கில். மாப்பிள்ளை துபாயில். ஆகவே காவல் தெய்வம் நான்தான்.

தலைமுடி முளைத்திருக்கிறது. “முள்ளம்பன்றி மாதிரி இருக்க” என்றேன். “ஒனக்கு அதுவும் இல்லியேண்ணே” என்றாள். நோய்க்கு அவள் வாயைத் தொட மட்டும் தைரியம் வரவில்லை.

ஆனால் அவளுடைய மாவு மில் பூட்டியே கிடக்கிறது. பேசிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று முகம் சிவந்தது, கழுத்தெல்லாம் வியர்வை கொட்டியது. முந்தானையால் விசிறிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

உடம்புச் சூடு. சந்தேகமே இல்லை.

மே 4, ஞாயிறு
கத்திரி ஆரம்பம். சூரியன்மீது போர் தொடுத்தேன். பனங்காடே மொட்டையாகும் அளவுக்கு நுங்கு, ஒரு லாரிக்குக் கொஞ்சம் குறைவாக இளநீர், வெந்தயம், விளக்கெண்ணெய். “அந்த மாத்திரைதான் சூடு” என்று தீர்ப்பும் வழங்கினேன். சிந்திய விளக்கெண்ணெயில் வழுக்கி நான் விழுந்ததில் வாலிகண்டபுரம் குலுங்கியது. லீலாவின் வியர்வை அசையவில்லை.

மே 9, வெள்ளி
தங்கை மகள் ஆர்த்தி போன் செய்தாள். “மாமா, அம்மா மாத்திரைய நிறுத்திருச்சு. கத்திரி முடியட்டும்ங்குது. கேட்டா, சூடுன்னு நீங்கதான் சொன்னீங்களாம்.”

நான் எந்தக் காலேஜில் படித்தேன், தீர்ப்பு சொல்ல?

மே 10, சனி
மறுபடி வாலிகண்டபுரம் ஓடினேன். “எடுத்துக்க லீலா. நான் ஏதோ ஒளறிட்டேன்.”

“நீ ஒளறுனதுக்காக இல்லண்ணே. ஒரு நாளு இந்த ஒடம்புல இருந்து பாரு. எரியுது. தூக்கம் இல்ல. யாரப் பாத்தாலும் கத்தணும்போல வருது. மில்லுல நிக்க முடியல. கீமோவுல எனக்கு நின்னுபோச்சு. நாப்பத்திரண்டு வயசுல கெழவி ஆயிட்டேன். போதுமா?”

உலக வரலாற்றில் முதல் முறை. அண்ணனிடம் எந்தத் தங்கையும் சொல்லாததைச் சொல்லிவிட்டு அவள் நிற்கிறாள். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்த சொல்ல வரலியேடா குழந்தவேலு. ஒரே ஒரு வார்த்த.

மே 11
அமிர்தவல்லியிடம் சொன்னேன். என் மனைவி சிரித்த சிரிப்பில் ஓடு பறந்திருக்கும். “சூடாம், நுங்காம்! எனக்கு மூணு வருசமா இதேதான். நான் போர்வையத் தூக்கி எறிவேன், நீங்க அதையும் சேத்து இழுத்துப் போத்திக்குவீங்க.”

மூன்று வருஷமா? பக்கத்திலேயா?

மே 14, புதன்
லீலா, அமிர்தவல்லி, நான் மூவரும் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: இது சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. மாதவிடாய் நிற்கும்போது வருவதுதான். கீமோவால் இவளுக்கு முன்பே வந்துவிட்டது, மாத்திரையும் கொஞ்சம் கூட்டும். வியர்வைக்கும் தூக்கத்துக்கும் வேறு மருந்து தரலாம். “ஆனா நீங்களா நிறுத்தாதீங்கம்மா. நிறுத்துனா நோய் திரும்ப வர்ற வாய்ப்பு கூடும்.”

லீலா தலையாட்டினாள். திரும்பும் வழியில் பாடாலூரில் டீ குடிக்கவும் இறங்கவில்லை.

மே 16
ஆர்த்தி: “கையில வெச்சுப் பாத்துட்டுத் திரும்ப டப்பாவுலயே போட்டுருச்சு மாமா. ‘கெழவி எத்தன நாளு இருந்து என்ன’ங்குது.”

மே 17, சனி
விடிந்ததும் உதித்தது. லீலா வயசுக்கு வந்தபோது அப்பா ஊரையே கூட்டிப் பந்தல் போட்டார். வந்ததற்குச் சீர் உண்டு. நின்றதற்கு ஏன் இல்லை? இந்தச் சட்டத்தை எழுதியவன் எவன்?

அமிர்தவல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பைத்தியம்தான். தாம்பாளம் எத்தன வேணும்?”

மே 18, ஞாயிறு
இப்படியொரு ஊர்வலத்தைச் சோழர்களும் கண்டிருக்க மாட்டார்கள். முன்னால் மேளம், பின்னால் லாரி, நடுவில் தலைப்பாகையோடு நான். தாம்பாளங்களில் பருத்தி நைட்டி, சார்ஜ் ஃபேன், வெள்ளரிப்பிஞ்சு, துண்டுகள், ஐஸ் தண்ணீர்க் கூஜா. நுங்கும் உண்டு. மருத்துவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, வெறும் பலகாரமாக.

தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். “என்ன விசேசம்? ஆர்த்திக்கா?”

மேளம் நின்றது. அத்தனை கண்ணும் என்மேல். நான் செருப்பைப் பார்த்தேன். ஐயோ, தங்கச்சிய நடுத்தெருவுல நிக்க வெச்சுட்டனே –

வாசலில் லீலா. முகம் சிவக்கிறது. கோபமா, அந்த வியர்வையா, தெரியவில்லை. என்னையும் தாம்பாளங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எனக்குத்தான்க்கா” என்றாள் சத்தமாக. “எனக்கு நின்னுபோச்சு. எங்கண்ணன் சீர் கொண்டாந்துருக்கு.”

எதிர்வீட்டுப் பெரியம்மாள், எழுபது வயசிருக்கும், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது. “எனக்கு நின்னப்ப ஒரு நாதி கேக்கலியேடி! நவுரு, நானும் ஒக்காறேன்.” லீலா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே விட்டது. அதற்கப்புறம் தெருவே தன் வியர்வைக் கதையைச் சொன்னது. ஒருத்தி ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொள்வாளாம்!

இருவருக்கும் சந்தனம் பூசினார்கள். லீலா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். வியர்த்தது, அமிர்தவல்லி சார்ஜ் ஃபேனை முகத்துக்கு நேரே பிடித்தாள். “ஆர்த்தி, அந்த டப்பாவ எடும்மா.” எல்லோர் முன்னாலும் இளநீரோடு ஒரு மாத்திரையை விழுங்கினாள்.

பெரியம்மாள் குலவை போட்டது. அரியலூர்வரை கேட்டிருக்கும். நான் லாரிக்குப் பின்னால் போய்… டயரைப் பார்த்தேன். காற்று சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 20
புது மருந்தில் வியர்வை பாதியாகிவிட்டதாம். பாக்கிப் பாதிக்கு என்னைத் திட்டுகிறாள். ஏற்றுக்கொண்டேன்.

ஜூலை 25
செக்கப். எல்லாம் நல்லபடியாக இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்
மிளகாய் அரைக்க வாலிகண்டபுரம் போனேன். மில் ஓடுகிறது. தெருமுனையிலேயே தும்மல். மில்லுக்குள் லீலா, தலைக்கு மேல் ஒரு ஃபேன், இடுப்புயரத்தில் என் சார்ஜ் ஃபேன். மாத்திரை டப்பா சாமி படத்துக்குப் பக்கத்தில், பாதிக்கு மேல் காலி. வியர்வை பொங்கியது, துண்டால் துடைத்துக்கொண்டு பெல்ட்டைப் பார்த்தபடியே நின்றாள். நேராகத் தூக்குவாளியை நீட்டினேன்.

“பொறந்த வூட்டுச் சலுகையெல்லாம் இங்க கெடையாதுண்ணே. வரிசையில நில்லு.”

நின்றேன். எனக்கு முன்னால் பெரியம்மாள்.